ஈ.எம்.ஆர். (ஆஸ்பத்திரியின் கணினி மருத்துவப் பதிவு) தரவை வைத்து ஆய்வு செய்வது எப்படி? தீசிஸ் எழுதுகிறவர்களுக்கு

தீசிஸ் தலைப்பு முடிவாகும் மாதங்களில் எங்கள் புள்ளியியல் அறையில் திரும்பத் திரும்பக் காதில் விழும் வாசகம் இது: "மேடம், அஞ்சு வருஷத்து சுகர் பேஷண்ட் டேட்டாவ எக்செல்ல எடுத்துத் தர முடியுமா?" முடியும். ஐ.டி. பிரிவில் ஒரு குயரி (தரவைத் தேடி எடுக்கும் கட்டளை) ஓட்டினால் மதியத்துக்குள் ஆயிரக்கணக்கில் வரிகள் வந்துவிடும். அதை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி, வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்று மதிப்பிட உதவும் பி-வேல்யூ பார்ப்பதும் கஷ்டமில்லை. ஆனால் வந்த விடை நோயைப் பற்றியதா, அல்லது நம் ஆஸ்பத்திரியில் யார் எதை எப்போது டைப் செய்கிறார்கள் என்பதைப் பற்றியதா என்று பிரித்துப் பார்க்காவிட்டால் அந்த உழைப்பு முழுக்க வீண்.

நான் எம்.ஆர்.டி. என்ற மருத்துவப் பதிவேட்டுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு புள்ளியியல் படித்து ஆய்வுப் பிரிவுக்கு வந்தவள். காகித கேஸ் ஷீட் ஆனாலும் ஈ.எம்.ஆர். ஆனாலும் ஒரு விஷயம் மாறவில்லை. அதில் எந்த வரியும் ஆய்வுக்காக எழுதப்பட்டதில்லை. டாக்டர் அடுத்த முறை ஞாபகம் வைத்துக்கொள்ள எழுதுகிறார். பில்லிங்கில் பணம் வாங்க எழுதுகிறார்கள். காப்பீட்டுக்கு அனுப்ப எழுதுகிறார்கள். ஒரு வரி அங்கே ஏன் இருக்கிறது, இல்லையென்றால் ஏன் இல்லை என்று தெரிந்த பிறகே அதை எண்ண வேண்டும்.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சு இல்லை. பாஸ்டன் நகரின் 2 பெரிய ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை வைத்து அக்னியல், கொஹேன், வெபர் ஆகியோர் 2018இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 272 வகை லேப் டெஸ்ட்களில் 233இல், ரிசல்ட் என்ன என்று பார்க்காமலேயே, டெஸ்ட் எழுதப்பட்டதா இல்லையா என்பது மட்டுமே நோயாளி பிழைப்பாரா என்பதோடு தொடர்பு காட்டியது. ஒப்பிட முடிந்த 174 டெஸ்ட்களில் 118இல், ரிசல்ட்டைவிட அந்த டெஸ்ட் எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்பதே துல்லியமாகக் கணித்தது. விடியற்காலை 3 மணிக்கு ஒருவருக்கு ரத்தம் எடுக்கிறார்கள் என்றால், டாக்டர் எதையோ கண்டு பயந்திருக்கிறார். ரிசல்ட் நார்மல் என்று வந்தாலும் அந்தப் பயம் பதிவில் இருக்கிறது.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யாரிடம், எதை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவை, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை பார்க்கப் போகிறீர்கள்? இந்த ஐந்தும் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: "2018 முதல் 2022 வரை நம் ஓ.பி.யில் புதிதாக டைப் 2 சர்க்கரை நோய் என்று பதிவானவர்களில், முதல் வருடத்துக்குள் டயட்டீஷியனைப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்த டெஸ்ட்) இறங்கிய அளவு வேறுபடுகிறதா?"

எழுதியதும் ஐ.டி.யிடம் தரவு கேட்காதீர்கள், எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். இத்தனை புது நோயாளிகள், அவர்களில் ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவையாவது ஹெச்பிஏ1சி பார்த்தவர்கள் இத்தனை பேர் என்று இரண்டு எண் போதும். இரண்டாவது எண் முதல் எண்ணில் கால்வாசிகூட இல்லையென்றால் கேள்வியை மாற்றுங்கள். தலைப்பு பதிவான பிறகு மாற்றுவதைவிட இப்போது மாற்றுவது ரொம்ப சுலபம்.

2018 முதல் 2022 என்று நான் வேண்டுமென்றேதான் எழுதினேன். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியது. அதன் பிறகு பல மாதங்கள் ஓ.பி. வழக்கமான ஓ.பி.யாக இல்லை, வந்தவர்களும் வழக்கமாக வருகிறவர்கள் இல்லை. அந்த மாதங்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் திட்டம் முதல் நாளே இருக்கவேண்டும்.

ஓ.பி.யில் போய் நில்லுங்கள்

இதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். நான் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ஒரு காலை முழுவதும், ஒரு நோயாளியின் பதிவு பிறக்கும் வழியெல்லாம் கூடவே போங்கள்.

ரிஜிஸ்ட்ரேஷன் கவுன்ட்டரில் தொடங்குங்கள். வயது கேட்டால் "அம்பது இருக்கும்" என்பார் பாட்டி. கவுன்ட்டரில் 50 என்று போடுவார்கள். பிறந்த தேதி கட்டாயம் என்று வைத்திருக்கும் சாஃப்ட்வேரில் அது ஜனவரி 1 ஆக மாறி உட்கார்ந்துகொள்ளும். உங்கள் தரவில் வயதுக்கு ஒரு ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்கள்: 40, 45, 50, 55, 60இல் கோபுரம் கோபுரமாக நிற்கும். வயதை ஒவ்வொரு வருடமாக மாடலில் போடுவதற்கு முன் இதைப் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது பெயர். முத்துலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக டைப் செய்யலாம் என்று எண்ணிப் பாருங்கள். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும்; கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயரின் எழுத்து போய்க் கணவர் பெயரின் எழுத்து வரும். ஓ.பி. சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தால் தேடுவதைவிடப் புது நம்பர் போடுவது வேகம் என்பதால் புது நம்பர் விழும். ஆக ஒரே ஆள் உங்கள் தரவில் இரண்டு பேராக, இருவருமே பாதியில் நின்றுபோனவர்களாக இருப்பார். பெயரை மட்டும் நம்பி இணைக்காதீர்கள். செல்போன் நம்பர், பால், வயதில் இரண்டு வருட முன்பின், ஊர் என்று சேர்த்துப் பாருங்கள். செல்போனிலும் கவனம் வேண்டும்: அப்பா, அம்மா, பெரியம்மா மூவருக்கும் மகனுடைய நம்பரே பதிவாகியிருக்கும். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் 14 இலக்க ஆபா எண் (ஒவ்வொருவருக்குமான சுகாதார அடையாள எண்) இணைந்திருந்தால் வேலை சுலபம். அத்திட்டம் நாடு முழுக்கத் தொடங்கியது 2021 செப்டம்பரில்தான். அதற்கு முந்தைய பதிவுகளுக்குப் பழைய வழிதான்.

பிறகு நர்ஸ் மேஜை. பி.பி. அளவுகளின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பார்த்தால் பூஜ்யங்களே குவிந்திருக்கும்: 120/80, 130/80, 140/90. உயரம் முதல் விசிட்டில் ஒருமுறை பதிவாகும், அல்லது ஆகவே ஆகாது. எடை போன தடவை எழுதியதே திரும்ப வந்திருக்கும். பத்து விசிட்டிலும் 64 கிலோ என்றால் அவர் எடை மாறவில்லை என்று அர்த்தமில்லை, யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம்.

டாக்டர் அறையில், நோயின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். "டயாப" என்று டைப் செய்தால் பட்டியலில் முதலில் எது வருகிறதோ அதைத்தான் அவசரத்தில் அழுத்துவார்கள். பெரும்பாலும் அது ஐ.சி.டி.-10 என்ற உலக நோய்க் குறியீட்டுப் பட்டியலின் ஈ11.9, அதாவது சிக்கல்கள் இல்லாத டைப் 2 சர்க்கரை நோய். கீழே குறிப்பில் "இரண்டு பாதமும் மரத்துப்போகிறது" என்று அவரே எழுதியிருப்பார். குறியீட்டை மட்டும் எண்ணினால் நரம்புப் பாதிப்பே இல்லாத அதிசய ஊர் ஒன்று கிடைக்கும். உள்நோயாளிப் பதிவுகளில் இன்னொன்று: காப்பீட்டுக் கோரிக்கைக்கு வேண்டிய நோய்ப்பெயர் முழுமையாக இருக்கும், வேண்டாதது விட்டுப்போயிருக்கும்.

அனுமதி

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி தரவை எடுப்பதற்கு முன்பே வேண்டும். எடுத்துவிட்டு அனுமதி கேட்பது முறையில்லை. துறைத் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளின்படி, அடையாளம் நீக்கிய பழைய பதிவுகளை மட்டும் பயன்படுத்தும், ஆபத்து மிகக் குறைந்த ஆய்வுகளுக்கு நோயாளியின் தனித்தனி ஒப்புதலிலிருந்து கமிட்டி விலக்கு அளிக்கலாம். அந்த விலக்கைத் தருவது கமிட்டிதான், நாமாக எடுத்துக்கொள்வதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆய்வுக்குச் சலுகை வைத்திருக்கிறது. அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது, வகுக்கப்பட்ட தரநிலைகளின்படி கையாளவேண்டும் என்ற நிபந்தனைகளோடு.

பெயரை அழித்துவிட்டால் அடையாளம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பிறந்த தேதி, பால், 5 இலக்க அஞ்சல் எண் மூன்றும் இருந்தால் அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று கணினி அறிவியலாளர் லதன்யா ஸ்வீனி 2000இலேயே கணக்கிட்டுக் காட்டினார். நம் ஊரில் பின்கோடு, வயது, ஒரு அரிய நோய் மூன்றும் சேர்ந்தால் அந்தக் கிராமத்துக்காரர் யார் என்று பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிவிடுவார்கள். எனவே ஆஸ்பத்திரி நம்பரை எடுத்துவிட்டு ஆய்வு எண் கொடுங்கள். இரண்டையும் இணைக்கும் பட்டியல் எம்.ஆர்.டி.யில் இருக்கட்டும், உங்கள் லேப்டாப்பில் வேண்டாம். பின்கோடில் முதல் 3 இலக்கம் போதும். டாக்டர் குறிப்புகளுக்குள்ளேயே "மகனுடன் வந்தார்" என்று பெயரோடு எழுதியிருப்பார்கள். அதையும் படித்து நீக்குங்கள். நோயாளி தரவை வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள், கைடு கேட்டாலும் சரி.

சர்க்கரை நோயாளி யார் என்று வரையறுங்கள்

ஒரே ஒரு நெடுவரிசையை நம்பி நோயாளியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நோய்க் குறியீட்டை மட்டும் பார்த்தால், சந்தேகத்தில் போட்ட குறியீடும் சேரும். மாத்திரையை மட்டும் பார்த்தால், நீர்க்கட்டிக்காக மெட்ஃபார்மின் சாப்பிடும் இளம்பெண்கள் உள்ளே வருவார்கள். லேபை மட்டும் பார்த்தால், வெளியே டெஸ்ட் எடுத்துவிட்டு வந்தவர்கள் விட்டுப்போவார்கள். நான் வழக்கமாகச் சொல்லும் விதி: வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை ஈ11 குறியீடு, 6.5 சதவீதமோ அதற்கு மேலோ ஹெச்பிஏ1சி, சர்க்கரை மாத்திரை. இந்த மூன்றில் ஏதாவது இரண்டு. கர்ப்பகாலச் சர்க்கரையும் டைப் 1ம் வெளியே. "புதிதாக" என்று கேள்வியில் இருப்பதால், அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் இவற்றில் எதுவுமே பதிவில் இருக்கக் கூடாது.

டாக்டர் குறிப்புகளில் தேடும்போது ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் பாருங்கள். "டி.எம்." (டயாபடீஸ், அதாவது சர்க்கரை நோய்) என்று தேடினால் இந்த நான்கும் வரும்: "கே/சி/ஓ டி.எம். 5 வருடம்", "நோ ஹெச்/ஓ டி.எம்.", "ஃபாதர் டி.எம்.", "ஆர்/ஓ டி.எம்." முதலாமவர் மட்டுமே நோயாளி, அவரும் உங்கள் ஆய்வுக்குப் புதியவர் இல்லை. இரண்டாமவருக்கு நோய் இல்லை, மூன்றாமவருடைய அப்பாவுக்கு இருக்கிறது, நான்காமவருக்கு இருக்கிறதா என்று இனிமேல்தான் பார்க்கப் போகிறார்கள். தேடும் சொல்லுக்கு முன்னால் உள்ள நான்கைந்து சொற்களையும் சேர்த்துப் பார்க்கும்படி குயரி எழுதச் சொல்லுங்கள்.

விதி சரியா என்று சோதித்தே ஆகவேண்டும். விதி பிடித்தவர்களில் 100 பேரைக் குலுக்கல் முறையில் எடுங்கள். இரண்டு டாக்டர்கள், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல், முழுப் பதிவையும் படித்து ஆம், இல்லை சொல்லட்டும். 90 பேருக்கு ஆம் என்றால் விதியின் பாசிட்டிவ் ப்ரெடிக்டிவ் வேல்யூ 90 சதவீதம். விதி பிடிக்காதவர்களிலும் ஒரு கொத்து எடுத்துப் பாருங்கள். தவறவிட்டது அங்கேதான் தெரியும். இந்த எண்கள் இல்லாமல் வரும் தீசிஸை நான் பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொள்வதில்லை.

மாத்திரையும் லேபும்

நம் ஊரில் டாக்டர்கள் பிராண்டு பெயரில்தான் அதிகம் எழுதுகிறார்கள். மெட்ஃபார்மின் என்று தேடினால் பாதிகூட வராது. கிளைகோமெட் என்றால் மெட்ஃபார்மின் மட்டும். கிளைகோமெட் ஜி.பி.1 என்றால் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு 1 மில்லிகிராம். ஜானுமெட்டில் சிட்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும் இருக்கும். ஜல்ரா-எம் என்றால் வில்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும். பின்னால் உள்ள அந்த ஒற்றை எழுத்தை விட்டுவிட்டால் ஒரு மருந்தே காணாமல் போய்விடும். நம் ஆஸ்பத்திரி ஃபார்மசியின் ஸ்டாக் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பிராண்டுக்கும் எதிரே உள்ளிருக்கும் மருந்துகளையும் அளவையும் எழுதி ஒரு அட்டவணை தயாரியுங்கள். ஒருமுறை செய்தால் துறையில் எல்லோருக்கும் உதவும். எழுதித் தந்தது வேறு, வாங்கியது வேறு, சாப்பிட்டது வேறு என்பதையும் கட்டுரையில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

லேபில் முதலில் யூனிட்டைப் பாருங்கள். 65 என்று ஒரு ஹெச்பிஏ1சி இருந்தால் அது 6.5 என்பதில் புள்ளி விட்டுப்போனதா, அல்லது வேறு யூனிட்டா என்று மூலப் பதிவில் போய்ப் பார்க்காமல் திருத்தக் கூடாது. லேப் இன்சார்ஜிடம் ஒரு கேள்வி அவசியம்: ஆய்வுக் காலத்தில் மிஷினோ முறையோ எப்போதாவது மாறியதா? கிரியாட்டினின் அளவு முறைக்கு முறை வேறுபடும். மாறிய தேதியில் தரவு ஒரு படி ஏறியோ இறங்கியோ நிற்கும், அதை நீங்கள் சிகிச்சையின் பலன் என்று எழுதிவிடலாம். நம் பெண் நோயாளிகளில் ரத்தசோகை அதிகம். இரும்புச்சத்துக் குறைவில் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் ஹீமோகுளோபினையும் கூடவே எடுங்கள்.

வராதவர்கள்

இதுதான் எனக்கு அதிகக் கவலை தரும் இடம். ஒருவர் ஓ.பி.க்கு வருவதை நிறுத்திவிட்டார் என்றால் பதிவில் இருப்பது வெற்றிடம் மட்டுமே. குணமாகியிருக்கலாம், வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், இறந்துமிருக்கலாம். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதில் சேர்ந்தவர் நம் பதிவில் "சிகிச்சையைக் கைவிட்டவர்" போலத் தெரிவார். உண்மையில் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

விட்டுப்போன ஹெச்பிஏ1சியை சராசரியால் நிரப்பாதீர்கள். அடிக்கடி டெஸ்ட் எடுப்பவர்கள் அதிகம் சர்க்கரை ஏறியவர்களாகவோ அதிகம் அக்கறை உள்ளவர்களாகவோ இருப்பார்கள். இரு வகையும் மற்றவர்களின் பிரதிநிதிகள் அல்ல. இரண்டாவது டெஸ்ட் உள்ளவர், இல்லாதவர் இருவரின் வயது, பால், முதல் ஹெச்பிஏ1சி, ஊர்த் தொலைவு ஆகியவற்றை ஒரு அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மல்டிபிள் இம்ப்யூடேஷன் (விட்டுப்போன மதிப்புகளைப் பல முறை கணித்து நிரப்பும் முறை) போன்றவற்றுக்குப் போவதற்கு முன் இந்த அட்டவணை வேண்டும்.

நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது?

டயட்டீஷியனை 8ஆம் மாதத்தில் பார்த்தவர், அதுவரை ஓ.பி.க்கு வந்துகொண்டிருந்தவர். 2ஆம் மாதத்தில் நின்றுபோனவருக்குப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. இருவரையும் முதல் நாளிலிருந்தே "பார்த்தவர்", "பார்க்காதவர்" என்று பிரித்தால், தொடர்ந்து வருவதன் பலன் முழுக்க டயட்டீஷியன் கணக்கில் சேர்ந்துவிடும். விளைவு மரணமாக இருந்தால் இன்னும் மோசம். 8ஆம் மாதம் வரை உயிரோடிருந்ததே சிகிச்சையின் சாதனை ஆகிவிடும். இதை இம்மார்ட்டல் டைம் பயாஸ் என்பார்கள். எளிய வழி ஒன்று: 6ஆம் மாத முடிவை ஒரு கோடாக வையுங்கள். அன்று வரை வந்துகொண்டிருந்தவர்களை மட்டும் எடுத்து, அதற்குள் டயட்டீஷியனைப் பார்த்தார்களா என்று பிரித்து, அதற்குப் பிறகு வரும் ஹெச்பிஏ1சியை ஒப்பிடுங்கள்.

அப்போதும், டயட்டீஷியனிடம் யாரை அனுப்புவது என்று முடிவு செய்தது டாக்டர். போவதா என்று முடிவு செய்தது நோயாளி. குலுக்கல் முறை இல்லாத எந்தப் பதிவும் இதை முழுதாகச் சரிசெய்யாது. இதற்காகவே எனக்கு இங்கிலாந்தின் ரிகவரி என்ற கோவிட் சிகிச்சைச் சோதனை மேல் பெரிய மதிப்பு. 2020 மார்ச்சில் தொடங்கினார்கள். சிகிச்சையைக் குலுக்கலில் ஒதுக்கினார்கள். படிவத்தை மிகச் சுருக்கமாக வைத்தார்கள். பிறகு நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பதை அறிய அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ்.ஸின் பதிவுகளையும் இணைத்துக்கொண்டார்கள். அதே ஜூனில், வென்டிலேட்டரில் இருக்கும் கோவிட் நோயாளிகளின் மரணத்தை டெக்ஸாமெத்தசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று சொல்ல முடிந்தது. விலை குறைந்த, எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்கும் ஊசி அது. பதிவையும் குலுக்கலையும் சேர்த்தால் இவ்வளவு செய்யலாம்.

தரவை எடுக்கும்போது

ஐ.டி.யிடம் சி.எஸ்.வி. கோப்பாகக் கேளுங்கள். பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தில் ஒரு ஷீட்டில் 65,536 வரிக்கு மேல் நிற்காது. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை இந்த வடிவத்தால் 15,841 கோவிட் பாசிட்டிவ்களை அன்றாடக் கணக்கில் சேர்க்காமல் தவறவிட்டது. ஆஸ்பத்திரி நம்பரில் முன்னால் உள்ள பூஜ்யங்களை எக்செல் தின்றுவிடும், ஆகவே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட்டாக வாங்குங்கள். தேதிகளை வருடம்-மாதம்-நாள் வரிசையில் கேளுங்கள். இல்லையேல் மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகும். குயரியின் முழு வாசகத்தையும் எடுத்த தேதியையும் சேமியுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். திருத்தம் எல்லாம் ஆர் என்ற புள்ளியியல் மொழியின் நிரலில் வரி வரியாக எழுதப்படட்டும். கையால் எடுக்கும் விவரங்களுக்கு ரெட்கேப் என்ற தரவுப் பதிவு மென்பொருள் நல்லது.

ஏதாவது பத்து எண்ணை முடிவு அட்டவணையிலிருந்து பின்னோக்கி நடத்தி, நோயாளியின் திரை வரை போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். 2020 மே 22இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, கோவிடுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரை 671 ஆஸ்பத்திரிகள், 96,032 நோயாளிகள் என்றது. சுயேச்சையான தணிக்கைக்கு மூலத் தரவு தரப்படவில்லை. ஜூன் 4இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அதை நம்பிச் சில சோதனைகளை நிறுத்தியும் வைத்திருந்தார்கள்.

எழுதும்போது ரெக்கார்ட் என்ற 2015ஆம் ஆண்டு வழிகாட்டியைப் பக்கத்தில் வையுங்கள். சோதனை செய்யாமல் கவனித்து மட்டும் செய்யும் ஆய்வுகளை எழுதுவதற்கான வழக்கமான ஸ்ட்ரோப் பட்டியலோடு, பதிவுத் தரவுக்கென 13 கூடுதல் அம்சங்கள் அதில் உண்டு. நோயாளியைத் தேர்ந்தெடுத்த குறியீட்டுப் பட்டியல், பிராண்டு அட்டவணை, சோதித்த 100 பதிவுகளின் முடிவு மூன்றையும் பின்னிணைப்பில் சேருங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பு தயாரித்து ஓ.பி. நர்ஸ் இன்சார்ஜுக்கும் ஐ.டி.க்கும் லேபுக்கும் கொடுங்கள்: உயரம் இத்தனை பேருக்குப் பதிவாகவில்லை, "வெளி லேப் ரிசல்ட்" என்று ஒரு பெட்டி வேண்டும், நோய்ப்பெயர் பட்டியலில் ஈ11.9 முதலில் வரவேண்டாம். இந்த மாற்றங்களை அவர்களால் ஒரு வாரத்தில் செய்துவிட முடியும். யாரும் போய்ச் சொல்லாததால்தான் செய்யாமல் இருக்கிறார்கள்.